வாரத்துக்கு ஆறு மணித்தியாலம்

பகல் முழுவதும் உத்தியோகம் பார்த்து, இரவிலே விளக்கின்முன் புத்தகத்தை விரிப்பவர்கள் இந்நாட்டுக்குப் புதியவர்கள் அல்லர். கந்தோர்களில் எழுதுவினைஞராகவும், பாடசாலைகளில் ஆசிரியராகவும் இருந்துகொண்டே இலண்டன் சர்வகலாசாலையின் வெளிவாரிப் பரீட்சைக்குத் தோற்றிப் பட்டம் பெற்றவர்கள் சென்ற தலைமுறைகளில் எத்தனையோ பேர். அத்தகைய ஒருவரை நேயர்களில் பலர் தத்தம் குடும்பத்திலேயே கண்டிருப்பார்கள். தொழில், படிப்பு என்னும் இரண்டையும் ஒருங்கே சுமப்பதே பெரும்பாரம். அவ்விரண்டோடும் ஆராய்ச்சி என்னும் மூன்றாவது சுமையும், அதுவும் உலகில் எவரும் செய்து முடித்திராத ஒன்றைச் செய்து பார்க்கும் ஆராய்ச்சியும், சேர்ந்துவிட்டால் ஒரு மனிதன் என்ன செய்வான்? நாளை மூன்றாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு பங்கு கொடுப்பான் என்று சொல்லுவது எளிது. ஜெட் விமான இயந்திரத்தை ஆக்கிய பிராங் விற்றில் என்ற ஆங்கிலேயரின் வாழ்க்கை அப்படிச் சொல்லவில்லை.

விற்றில் 1907ஆம் ஆண்டு ஜூன் மாதம் 1ஆந் திகதி இங்கிலாந்தில் கொவென்றி நகரிலே பிறந்தார். தந்தையார் ஓர் இயந்திரத் தொழிலாளி. புதுப்புதுக் கருவிகளைச் செய்து பார்ப்பதிலே நாட்டமுள்ளவர். 1916இல் குடும்பம் லெமிங்டன் என்னும் ஊருக்குக் குடிபெயர்ந்தது. அங்கே தந்தையார் ஒரு சிறு தொழிற்சாலையை வாங்கினார். சிறுவன் பிராங் கடைச்சல் இயந்திரத்தின் முன் நின்று கைவேலை பழகியது அங்கேதான். உபகாரச் சம்பளம் பெற்று உயர்தரப் பாடசாலைக்குச் சென்றான். ஆனால் வீட்டுவேலைகளைச் செய்வதில் அவனுக்கு விருப்பமில்லை. பொது நூல்நிலையத்தில் அமர்ந்து நீராவிச் சுழலியைப் பற்றியும் பறத்தலைப் பற்றியும் நூல்களைத் தேடிப் படித்தான். இப்படிப்பட்ட மாணவனை எந்தப் பாடசாலையும் நல்ல மாணவன் என்று மெச்சுவதில்லை. ஆசிரியர்கள் இதைக் கேட்டுச் சற்றுச் சங்கடப்படவும் கூடும்.

பதினைந்து வயதில் விமானப்படையிலே தொழில் பயிலுநனாகச் சேரப் போனபோது எழுத்துப் பரீட்சையில் தேறினான், வைத்தியர் மறுத்துவிட்டார். உயரம் 5 அடி, மார்பும் ஒடுங்கியது. அவன் தேகப்பயிற்சி செய்து, ஆறு மாதத்தில் உயரத்திலும் மார்பளவிலும் சில அங்குலங்களைக் கூட்டிக்கொண்டு மீண்டும் சென்றான். மீண்டும் மறுப்பு. விடாது விண்ணப்பித்து 1923ஆம் ஆண்டின் பிற்பகுதியில் கிறான்வெல் என்னும் இடத்துப் பயிற்சிப் பாசறையிலே பயிலுநனானான். மூன்றாண்டுகளின் பின் அங்கிருந்து மிகச் சிலருக்கே கிடைக்கும் வாய்ப்பொன்று அவருக்குக் கிடைத்தது: அதே கிறான்வெலில் இருந்த அதிகாரிகள் கல்லூரியிலே இடம்.

அக்கல்லூரி மாணவர் ஒவ்வொருவரும் ஒரு கட்டுரை எழுதிக் கொடுக்கவேண்டும் என்பது விதி. 1928இல், இருபத்தொரு வயதில், விற்றில் எழுதிய கட்டுரை விமான அமைப்பின் வருங்கால வளர்ச்சியைப் பற்றியது. விமானம் மிக வேகமாகவும் நெடுந்தூரமும் செல்லவேண்டுமானால் காற்று அடர்த்தி குறைந்த பேருயரத்திலே செல்லவேண்டும்; அங்கே வழக்கமான இயந்திரமும் சுழல்விசிறியும் பயன்படமாட்டா; ஆகவே வேறொரு வழி காணவேண்டும் என்று அவர் வாதித்தார். போர் விமானங்கள் மணிக்கு 150 மைல் அளவில் பறந்த காலத்தில் அவர் 500 மைலைப் பற்றி எழுதினார். அந்த வேறு வழி என்னவென்பது மறு ஆண்டில் அவர் மனத்தில் உதித்தது. முன்புறத்தால் காற்றை இழுத்து, ஓர் அமுக்கியினால் நெருக்கி, அதிலே எண்ணெயைத் தெளித்து எரித்தால், கொதிக்கும் வாயு பின்புறத் துவாரத்தாற் பீறிட்டுப் பாயும். அந்தப் பாய்ச்சலின் எதிர்விசையே விமானத்தை முன்னே தள்ளும். வெளியே போகும் வழியில் வாயு ஒரு சுழலியைச் சுற்றும். அச்சுழலி அமுக்கியைச் சுற்றும். சுழல்விசிறியே வேண்டியதில்லை. இன்று இதைப் பாடசாலைப் பிள்ளைகள் படம் கீறி விளக்குகிறார்கள். அன்று விமான அமைச்சின் நிபுணர்கள், இத்தனை வெப்பத்தையும் இழுவிசையையும் தாங்கும் உலோகம் இல்லை என்று கூறிக் கையை விரித்தார்கள். 1930 ஜனவரியில் விற்றில் தம் பெயரிலே ஆக்கவுரிமைக்கு விண்ணப்பித்தார். அதே ஆண்டில் விவாகமும் செய்துகொண்டார்.

அவர் உத்தியோகம் விமானம் ஓட்டுவது. பிறருக்கு ஓட்டக் கற்பிப்பது. புதுக் கருவிகளைச் சோதித்துப் பார்ப்பது. 1932இல் அதிகாரிகளுக்குரிய பொறியியல் வகுப்புக்கு அனுப்பப்பட்டபோது அதனை மிகச் சிறப்பாக முடித்தார். முன்னொரு காலத்தில் அவ்வகுப்பில் திறமை காட்டியவர்களைக் கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலைக்கு அனுப்பும் வழக்கம் இருந்து, பின்பு கைவிடப்பட்டிருந்தது. விற்றில் தமக்கு மட்டும் அந்த வாய்ப்பைத் தருமாறு எழுதினார், அமைச்சு இணங்கியது. 1934இல், இருபத்தேழாவது வயதில், மனைவியும் இரண்டு சின்னஞ்சிறு ஆண்பிள்ளைகளும் உள்ள ஒரு விமானப்படை அதிகாரி, பாடசாலையை விட்டு அப்போதுதான் வந்த இளைஞர்களோடு பீற்றர்ஹவுஸ் கல்லூரியிலே மாணவரானார். பொறியியல் சிறப்புப் பட்டப் பாடத்தை இரண்டே ஆண்டில் முடிக்கவேண்டும் என்பது ஏற்பாடு.

இந்த இடத்தில் ஐந்து பவுணின் கதை வருகிறது. 1935 ஜனவரியில் ஆக்கவுரிமையைப் புதுப்பிப்பதற்கு 5 பவுண் கட்டணம் செலுத்தவேண்டியிருந்தது. அமைச்சு அப்பணத்தைத் தர மறுத்தது. குடும்பச் செலவோடு மல்லாடிக்கொண்டிருந்த மாணவரிடமும் அது இல்லை. உரிமை காலாவதியாயிற்று. இரண்டாண்டுக் கேம்பிரிட்ஜ் படிப்புக்கு ஓர் அதிகாரியைச் சம்பளத்தோடு அனுப்பிவைத்த அதே அமைச்சுத்தான் இந்த ஐந்து பவுணுக்குக் கை சுருக்கியது. அரசாங்க இலாகாக்களோடு கருமம் ஆற்றியவர்களுக்கு இதில் வியப்பு ஏதுமிராது. ஒரு செலவுக்குத் தலைப்பு உண்டு. மற்றதற்குத் தலைப்பு இல்லை. எனினும் நியாயமாகப் பார்த்தால், விற்றிலுக்கு ஐந்து பவுணிலும் பார்க்க மதிப்புடையது அமைச்சு கொடுத்த அந்த இரண்டு ஆண்டுகளே.

உரிமை போன சில மாதங்களில் கிறான்வெல் காலத்துத் தோழர் ஒருவரிடமிருந்து கடிதம் வந்தது. டட்லி வில்லியம்ஸ் என்பவர். உடல்நலம் கெட்டுப் படையை விட்டு விலகியவர். டின்லிங் என்னும் கூட்டாளியுடன் சேர்ந்து அந்த இயந்திரத்துக்கு முதல் தேடித் தருவதாக அவர் எழுதினார். இலண்டனில் ஒரு முதலீட்டு நிறுவனம் 2,000 பவுணோடு தொடங்கச் சம்மதித்தது. 1936 மார்ச் மாதத்தில் பவர் ஜெற்ஸ் என்ற கம்பனி பதிவாயிற்று. விற்றில் அரசாங்க உத்தியோகத்தர் ஆகையால் அமைச்சின் அனுமதி வேண்டும். அனுமதி கிடைத்தது: கௌரவப் பிரதம பொறியியலாளராக இருக்கலாம், ஆனால் உத்தியோகக் கடமைக்கு இடையூறு நேரக்கூடாது, கம்பனி வேலைக்கு வாரத்தில் ஆறு மணித்தியாலத்துக்கு மேற் செலவிடவும் கூடாது.

உலகின் போக்குவரத்தையே மாற்றவிருந்த ஓர் இயந்திரத்துக்கு வாரம் ஆறு மணித்தியாலம்! நாளொன்றுக்கு ஒரு மணித்தியாலம் கூட இல்லை. ஞாயிறு விடுமுறை போலும். அந்த எல்லை காகிதத்தில் மாத்திரமே நின்றது என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஆயினும் அப்படி எழுதியவர்களைப் பரிகசித்துவிட்டுப் போவதும் சரியன்று. பட்டப் பரீட்சைக்கு மூன்று மாதமே இருக்கும் ஒரு மாணவர், கம்பனியும் நடத்திக்கொண்டு, எப்படித் தேறப்போகிறார் என்ற கவலை அவர்களுக்கு இருந்திருக்கும். அந்தக் கவலை நியாயமானதே.

விற்றில் எப்படித் தேறினார்? மூன்றையும் சமமாகக் கவனித்து அல்ல. பரீட்சை நெருங்கிய கடைசி வாரங்களில் இயந்திர வேலையை ஒதுக்கிவைத்துவிட்டுப் பாடங்களில் முற்றாக மூழ்கினார். உடம்பு தாங்கக்கூடிய அளவுக்கு மேலாகவே படித்தார். 1936 ஜூனில் முதல் வகுப்புச் சித்தி. மறுநாளே பாடங்களின் இடத்தை இயந்திரம் எடுத்துக்கொண்டது. ஒன்று நெருக்கும்போது மற்றதைக் கீழே வைக்கும் துணிவு அவரிடம் இருந்தது. வைத்ததைத் திரும்ப எடுக்கும் பிடிவாதமும் இருந்தது. இரண்டாவது இல்லாதவர்களுக்கு முதலாவது ஆபத்து. படிப்புக்காக ஆராய்ச்சியை ஒருமுறை மூடிவைத்துவிட்டுப் பின்பு அந்தக் கட்டை அவிழ்க்காமலே விட்டவர்கள் எத்தனை பேர்!

பரீட்சை முடிந்தால் அவர் படைக்குத் திரும்பவேண்டும் என்பது முறை. திரும்பியிருந்தால் எங்கோ ஒரு விமானத் தளத்திலே வழக்கமான கடமைகளில் அமர்ந்திருப்பார். இயந்திரம் அவரில்லாது திக்குமுக்காடியிருக்கும். அவருக்கு வழிகாட்டியாயிருந்த கல்லூரி ஆசிரியர் லபக் என்பவர், பட்டத்துக்குப் பின்னான ஆராய்ச்சிக்கென இன்னுமோர் ஆண்டு பெற்றுத் தரும் முயற்சியில் துணை நின்றார். அமைச்சு மீண்டும் இணங்கியது. பெயரளவில் விற்றில், விமானவியற் பேராசிரியர் மெல்வில் ஜோன்ஸின் கீழ் ஆராய்ச்சி மாணவர். உண்மையில் அவருடைய ஆய்வுகூடம் கேம்பிரிட்ஜில் இல்லை. பல மைல்களுக்கு அப்பால், ரக்பி நகரத்து நீராவிச் சுழலித் தொழிற்சாலையொன்றில் இருந்தது. மேற்பார்வையாளர் ஒருவர் மாணவனைத் தம் கண்முன் வைத்திருக்க விரும்பாது, வேலை எங்கே நடக்கிறதோ அங்கே போகவிட்டது சிறு உபகாரமன்று. கலாநிதிப் பட்டம் எதற்கும் அந்த ஆண்டு வழிவகுக்கவில்லை. பட்டத்தை நோக்கி ஓட அவருக்கு நேரமும் இருக்கவில்லை.

ஆராய்ச்சி என்ற சொல்லுக்கு அந்த ஆண்டில் என்ன பொருள் என்று பார்க்கவேண்டும். அத்தகைய அமுக்கிகள் அதுகாறும் காற்றை இரண்டரை மடங்கு நெருக்கியதுதான் மிகச் சிறந்த சாதனை. விற்றிலுக்கு நான்கு மடங்கு வேண்டும். கொதிகலன்களில் எரிவதைப்போல இருபது மடங்கு கடுமையாக எரிபொருள் ஒரு சிறிய அறைக்குள் எரியவேண்டும். அதற்கு அடுப்புச் செய்து தருவார் யார்? அவர் கைத்தொழிற் கண்காட்சியொன்றில் கடை கடையாக ஏறி இறங்கினார். அநேகர் நகைத்தார்கள். ஸ்கொத்லாந்துக் கம்பனியொன்று மாத்திரம், கடினந்தான், செய்து பார்க்கலாம் என்றது. சுழலி நிமிடத்துக்கு 17,750 முறை சுழலும்படி கணக்கிடப்பட்டிருந்தது. உறுப்பு உறுப்பாகச் சோதித்துப் பார்க்கப் பணமில்லை. ஆகவே முழு இயந்திரத்தையும் பூட்டி ஒரேயடியாக ஓட்டிப் பார்ப்பதென்று துணிந்தார்கள்.

1937 ஏப்ரில் 12ஆந் திகதி அது ஓடியது. ஓடியது என்பதிலும், கட்டறுத்துக்கொண்டு ஓடியது என்பதே பொருந்தும். எரிநெய்க் குழாயை மூடிய பின்பும் வேகம் ஏறிக்கொண்டே போயிற்று, இயந்திரம் ஊளையிட்டது, உலோகம் ஆங்காங்கே செந்நிறமாயிற்று. நின்றவர்கள் பாய்ந்தோடினார்கள். விற்றில் கட்டுப்பாட்டுச் சக்கரத்தைப் பற்றியபடி நின்றார். ஓட முடியாதபடி பயத்தில் விறைத்துப்போனேன் என்ற கருத்தில் அவரே பின்பு சொல்லியிருப்பதால் இதை வீரச்செயலாக வருணிக்க வேண்டியதில்லை. காரணம் பின்னர் தெரிந்தது. முன்கூட்டியே கசிந்த எண்ணெய் எரியறையின் அடியிலே குட்டையாகத் தேங்கியிருந்தது. குழாயை மூடினாலும் குட்டை வற்றும்வரை நெருப்பு அணையாது. ஒரு வடிகுழாய் வைத்ததோடு அந்தத் தொல்லை தீர்ந்தது.

இவ்வளவும் கைத்தொழில் அறிவால் நடந்தவை போலத் தோன்றும். சர்வகலாசாலைப் படிப்பினால் பயன் என்ன என்று கேட்பவர்களுக்கு இன்னொரு நிகழ்ச்சி விடையாகும். சுழலியின் வாயிலிருந்து வாயு சுழித்துக்கொண்டு வருகிறது. கயிற்றில் கட்டிய கல்லைச் சுழற்றினால் அது வெளியே இழுப்பதுபோல, சுழிக்கும் வாயுவும் வெளிவிளிம்பை நோக்கி நெருங்கும். ஆகவே உள்விளிம்பில் ஒரு வேகமும் வெளிவிளிம்பில் வேறொரு வேகமும் இருக்கும். அப்படியானால் சுழலியின் ஒவ்வோர் அலகும் அடியிலிருந்து நுனிவரை அதற்கேற்ப முறுக்கப்பட்டிருக்கவேண்டும். இது யாவரும் அறிந்ததுதானே என்று விற்றில் நினைத்திருந்தார். நீராவிச் சுழலி செய்வதிலே பல்லாண்டு பழகிய பொறியியலாளர்கள் அதைக் கணக்கில் எடுக்காமலே அலகுகளை அமைத்திருக்கிறார்கள் என்பதை அவர் கண்டபோது இரு சாராருக்கும் கடும் வாக்குவாதம் மூண்டது. அவர்களுக்கு அனுபவம் சான்று. இவருக்குக் கணக்குச் சான்று. கணக்கு வென்றது. தொழிற்சாலையை மட்டும் அறிந்தவர் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கமாட்டார்; நூலை மட்டும் அறிந்தவருக்கு அந்த அலகைக் கையிலெடுத்துப் பார்க்கும் சந்தர்ப்பமே வந்திராது. தொழிலும் படிப்பும் ஆராய்ச்சியும் ஒன்றின் நேரத்தை ஒன்று தின்பவை என்பது உண்மை. ஒன்றின் கண்ணை ஒன்று திறப்பவை என்பதும் உண்மை.

அதே ஆண்டுகளில், விற்றில் அறியாமலே, ஜெர்மனியிலும் ஓர் இளைஞர் இதே வழியை எதிர்த்திசையிலிருந்து நடந்துகொண்டிருந்தார். ஹான்ஸ் வொன் ஓஹைன் என்பவர் கெற்றிங்கன் சர்வகலாசாலையிலே பௌதிகத்தில் கலாநிதிப் பட்டத்துக்கு ஆராய்ந்துகொண்டிருந்தவர். 1933இல் அவருக்கும் ஜெட் இயந்திர எண்ணம் பிறந்தது. ஆய்வுப் பொருள் வேறு, எண்ணம் வேறு. கணிதம் தெரிந்த அவருக்குக் கடைச்சல் வேலை தெரியாது. தம் மோட்டார் வண்டியைத் திருத்தக் கொடுக்கும் பட்டறையிலே மாக்ஸ் ஹான் என்னும் கைதேர்ந்த தொழிலாளியைக் கண்டு, சொந்தப் பணத்தில் ஒரு மாதிரி இயந்திரம் செய்வித்தார். அது சரிவர ஓடவில்லை. நெருப்பு உள்ளே எரிவதற்குப் பதிலாக வெளியே வந்து எரிந்தது. ஆயினும் அவருடைய பேராசிரியர் போல், தம் துறைக்குப் புறம்பான விளையாட்டு என்று தட்டிவிடாது, விமான உற்பத்தியாளர் ஹெயின்கெலுக்கு அவரை அறிமுகஞ் செய்து கடிதம் எழுதினார். 1935இல் பட்டம், 1936இல் ஹெயின்கெலிடம் உத்தியோகம், 1939 ஆகஸ்ட் 27ஆந் திகதி அவர் ஆக்கிய இயந்திரத்தோடு உலகின் முதல் ஜெட் விமானம் பறந்தது. ஹானையும் ஓஹைன் தம்மோடு ஹெயின்கெலிடம் அழைத்துச் சென்றிருந்தார்.

விற்றிலுக்கு 1937இல் முழுநேரமும் இயந்திரத்தில் ஈடுபட உத்தரவு கிடைத்தது. அவருடைய விமானம் 1941 மே 15ஆந் திகதி மாலையில் பதினேழு நிமிடம் பறந்தது. பறந்த இடம் கிறான்வெல். உயரம் போதாதென்று தள்ளப்பட்ட சிறுவன் கடைசியில் நுழைந்த அதே கிறான்வெல்.

இங்கே கதையை நிறுத்தினால் அது உண்மையைப் பாதியிலே விட்டதாகும். ஆறு மணித்தியாலத்தில் அடங்காத வேலையை அடக்கப் பார்த்த பழக்கம் அவரைப் பின்பும் விடவில்லை. இரவும் பகலும் புகைத்தார். விழித்திருக்க ஒரு மருந்து, உறங்க ஒரு மருந்து என்று யுத்த காலத்தைக் கழித்தார். 1940ஆம் ஆண்டின் முடிவிலே நரம்புத் தளர்ச்சியால் வேலையை விட்டு ஓய்வெடுக்க நேர்ந்தது. அது பின்னரும் திரும்பத் திரும்ப வந்தது. 1944இல் கம்பனியை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. 1948இல், நாற்பத்தொன்றே வயதான விற்றில், உடல்நலக் குறைவினாலே படையிலிருந்து ஓய்வுபெற்றார். அவ்வாண்டில் அரசு அவருக்கு 100,000 பவுண் பரிசும் வீரப்பட்டமும் அளித்தது. கேம்பிரிட்ஜ் நாட்களில் இரு குழந்தைகளோடு அந்த வீட்டை நடத்திய மனைவியைப் பற்றி வரலாற்று நூல்கள் மிகச் சில வரிகளே எழுதியுள்ளன. அந்த மணவாழ்க்கையும் 1976இல் முறிந்தது.

பின்பு விற்றில் அமெரிக்காவிலே குடியேறினார். அங்கே ஓஹைனோடு பழகி நண்பரானார். இருவரும் ஒரே மேடைகளில் ஏறிப் பேசினார்கள். 1977இல், எழுபது வயதில், அனபோலிஸ் நகரத்துக் கடற்படைக் கல்லூரி அவரை ஆராய்ச்சிப் பேராசிரியராக அமர்த்தியது. வாயுச் சுழலிகளின் வெப்பவியல் பற்றி அங்கே மாணவர்களுக்கென அவர் எழுதிய பாடநூல் 1981இல் வெளிவந்தது. ரக்பித் தொழிற்சாலையில் கழிந்த அந்த ஓராண்டுக்குப் பின் நாற்பத்து நான்கு ஆண்டு சென்றிருந்தது.